கூப்பிட வேண்டியபடி கூப்பிட்டால்

புதுச்சேரி,
9 பிப்ரவரி 1961

அன்புள்ள மகள் ஆனந்தமேரிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் மகன் விக்தோர் செர்த்திபிக்கா பரீட்சையில் தேறிவிட்டான். சும்மா தேறவில்லை, பள்ளிக்கூடத்திலேயே நான்காவதாக. தலைமை வாத்தியார், பெரிய முசே, அவனைக் கூப்பிட்டுக் கை குலுக்கினாராம். அவன் அக்கா தெரேஸ் கன்னியர் மடத்தில் பீடத்துணிக்கு லேஸ் பின்னிப் பரிசு வாங்கினாள். பரிசாக வந்த கத்திரிக்கோலை நான் யாரையும் தொட விடுவதில்லை. உன் மகன் பிரான்சுவா வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்கில் முதல் என்று நீ எழுதியதைக் கோயில் வாசலில் நாலு பேருக்குச் சொன்னேன். இரண்டு பேருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பெரிய சேதியைக் கடைசிக்கு வைத்தேன். செலின் பேசுகிறாள்.

ஆமாம், உன் மகள்தான். ஐந்து வயதில் என்னிடம் விட்டுப் போனாயே, நீ கப்பல் ஏறக் கிளம்பும்போதுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாளே, அவளேதான். போன தபசு காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஊர்க்கண் பட்டுவிடும் என்று எழுதாமல் இருந்தேன். விளக்கு வைத்து நான் தனியாக மாதா பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தேன். "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று சொன்னதும் இருமல் வந்துவிட்டது. மேலே சொல்ல முடியவில்லை. அரிசிப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." ஜெபமாலை கையிலிருந்து நழுவிவிட்டது. அடுத்த வரியைச் சொன்னேன். அதற்கும் பதில் வந்தது. முடியும் வரைக்கும் நான் சொல்லச் சொல்ல அவள் பதில் சொன்னாள். கனத்த குரல் ஆனந்தமேரி, உன் அப்பாவின் குரல்.

வேறு என்ன பேசுகிறாள் என்று கேட்பாய். ஆரம்பித்தவள் இதோடு நிறுத்தவா போகிறாள்?

மாப்பிள்ளை மிக்கேல் பட்டாளத்துச் சொல்தா உடுப்பில், நீ தொப்பி வைத்து, பிரான்சுவா பரிசுப் புத்தகத்தோடு, மூன்று பேரும் நின்று ஒரு புதுப் போட்டோ எடுத்து அனுப்பு. கூடத்தில் இருப்பது மங்கிவிட்டது. தெரேஸைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண் அங்கேதான் போகும்.

அம்மா


துலோன்,
2 மார்ச் 1961

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். அப்புறம் கீழே போய்ப் படைவீட்டு முற்றத்தில் தனியாக நின்றார். அன்று மாலையே அவருடைய மேலதிகாரி லெப்தினாங்கின் மனைவியிடம் "என் மகள் பேச ஆரம்பித்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன், கேட்கவில்லை. நான்கு வருஷமாக ஒரே பிள்ளைக்காரன்போல இருந்த மனிதர். "இன்னொரு பிள்ளையும் இருக்கிறது" என்று இப்போதுதான் வாய் திறக்கிறார்.

அம்மா, கோபப்படாமல் பதில் எழுதுங்கள். தாகம் என்றால் தண்ணீர் கேட்கிறாளா? வலித்தால் சொல்கிறாளா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? பேசுகிற பிள்ளைக்கு இங்கே பிரான்சில் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு. பேசாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதன் ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அவரோடு வேலை செய்பவரின் மனைவி லீவு முடிந்து ஜூனில் புதுச்சேரியிலிருந்து திரும்பி வருகிறாள். அவளோடு செலினை அனுப்பிவிடுங்கள். காகிதங்களுக்கு அவர் எழுதிவிட்டார்.

ராத்திரி முழுக்க "அம்மா" என்று சொல்லியிருப்பாளா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை உங்களிடம் கேட்கவில்லை.

ஆனந்தமேரி


புதுச்சேரி,
20 மார்ச் 1961

அன்புள்ள மகளுக்கு,

உன் கேள்விகள் போலீஸ்காரன் கேட்பதுபோல இருக்கின்றன. இருந்தாலும் சொல்கிறேன். தாகம் என்றால் பானைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். அது கேட்பது இல்லாமல் வேறென்ன? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கு வேறு வேலை இருக்கும். கூப்பிட வேண்டியபடி கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் பதில் வரும்.

செவ்வாய்க்கிழமை விக்தோர் கதவைத் திறந்து போட்டுவிட்டான். பிள்ளை கடற்கரைப் பக்கம் போய்விட்டது. நான் செருப்புகூட இல்லாமல் "செலின், செலின்" என்று குருசுக்குப்பம் வரைக்கும் ஓடினேன். நமக்கு மீன் கொண்டுவருகிற குஞ்சம்மாள் எதிரே வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"என்னா ஆயா, பேரச் சொல்லி எந்தக் காலத்துல வந்துச்சி அது? உங்க சாமி ஜெபத்தச் சொல்லேன்."

எனக்கு மூச்சு வாங்கியது. நடுத்தெருவில், மீன்காரர்கள் முன்னால், எப்படிச் சொல்வது?

"சரி, நீ சொல்ல மாட்ட. நானே கூப்புடறேன்" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நெத்திலி விற்கும் அதே குரலில் கத்தினாள்: "விடியக்காலத்து நச்சத்திரமே!"

காய்ந்துகொண்டிருந்த வலைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. படுத்தபடி வலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள் உன் மகள்.

"ஞானஸ்நானம் வாங்காதவ மாதாவக் கூப்புடலாமாடி?" என்றேன்.

"உங்க மாதா கோச்சிக்கினா ரெண்டு மீனு கூடப் போட்டுடறேன், போ" என்றாள்.

இப்போது நம் தெருவே பழகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரன் கூப்பிடுகிறான், வண்ணான் கூப்பிடுகிறான். எங்கே இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது சிலது உண்டு. பின்னாலிருந்து தலையைத் தொடாதே. சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது, தனித்தனியாக வை. வெளியே கூட்டிப் போகுமுன் செருப்பை எடுத்துக் கண்முன் காட்டு, அப்போது எழுந்து வருவாள். பழைய வலைத் துண்டு ஒன்று கட்டி அனுப்புகிறேன். அழுகை வரும்போது கையில் கொடு. மற்றதெல்லாம் பார்த்தால் உனக்கே தெரியும்.

போட்டோ இன்னும் வரவில்லை.

அம்மா


துலோன்,
11 ஆகஸ்ட் 1961

அம்மாவுக்கு,

செலின் வந்து சேர்ந்தாள். உடம்பு சுகம்தான்.

கப்பலிலிருந்து இறங்கியவளை அவர் தூக்கப் போனார். கையைக் கடித்துவிட்டாள். அதை விடுங்கள். மறுவாரம் லெப்தினாங்கின் மனைவி ஒரு பொம்மையோடு வீட்டுக்கு வந்தாள், பேச ஆரம்பித்த பிள்ளையைப் பார்க்க. செலின் அவள் மடியிலிருந்த கைப்பையின் கொக்கியை மட்டும் பார்த்தாள். அவர் "வெட்கம் மாதாம், பேசுவாள், பேசுவாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேர்வை காலரை நனைத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் எழுதியபடி அந்த வரியைச் சொன்னேன். பதில் வந்தது. இன்னொன்று சொன்னேன். அதே பதில். எதைச் சொன்னாலும் அதே பதில். மாதாம் சிரித்துவிட்டாள். "கோயில் கிளியா வளர்த்தீர்கள்?" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அவர் அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை.

டாக்டரிடம் காட்டினோம். இது பேச்சே இல்லை, வெறும் எதிரொலி என்கிறார். தமிழ் காதில் விழும்வரை பிரெஞ்சு உள்ளே போகாது, வீட்டில் பிரெஞ்சு மட்டும் பேசுங்கள், அந்த ஜெபத்தை அடியோடு நிறுத்துங்கள் என்றார். நானும் நிறுத்திவிட்டேன். அவளாக விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்தால் அவர் கையால் வாயைப் பொத்துகிறார். அடிப்பதில்லை. பொத்துகிறார்.

"பேசுகிறாள்" என்று எழுதினீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கடல் தாண்டி வரவழைத்தோம். வலைத் துண்டில் மீன் வாடை என்று அவர் அதை எறிந்துவிட்டார்.

நீங்கள் கேட்ட போட்டோ இதோடு வருகிறது. நாங்கள் மூன்று பேர். அவளை நிற்க வைக்க முடியவில்லை.

ஆனந்தமேரி


புதுச்சேரி,
1 செப்டம்பர் 1961

ஆனந்தமேரிக்கு,

பேசுகிறாள் என்று எழுதினேன். இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன். ஒருத்தர் கூப்பிடுகிறார், ஒருத்தி பதில் சொல்கிறாள். இது பேச்சு இல்லை என்றால் நீயும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் பேசிக்கொள்வது என்ன? "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்". அதில் மட்டும் என்ன புதுசாக இருக்கிறது?

கிளி என்றாளா அந்த மாதாம்? கிளியை அவள் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறாளா என்று கேள்.

டாக்டரோடு எனக்குச் சண்டை இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் இருப்பதைப் பிடுங்கிவிட்டு என்னத்தை வைக்கப் போகிறார்? நெல் முளைக்கும்வரை வீட்டிலிருக்கிற அரிசியைக் கடலில் கொட்டுவார்களா?

மாப்பிள்ளைக்குப் பெரிய கை. பிள்ளையின் முகம் சின்னது. மூக்கையும் சேர்த்துப் பொத்திவிடும். அதைப் பார்த்துக்கொள்.

நாளுக்கு ஒரு வரி போதும். விளக்கு வைத்ததும், அவர் வேலையில் இருக்கும்போது. வேறொன்றும் கேட்கவில்லை.

வலையை எறிந்ததைக் குஞ்சம்மாளிடம் சொல்லவில்லை. "பாப்பா அங்க முடிச்சி அவுக்குதா ஆயா?" என்று கேட்டாள். அவுக்குது என்றேன்.

போட்டோ வந்தது. நன்றாக விழுந்திருக்கிறது. மூன்று பேர் என்று நான்தான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறது. சுவரில் மாட்டவில்லை, பெட்டியில் இருக்கிறது.

அம்மா


துலோன்,
18 டிசம்பர் 1961

அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டபடி செய்தேன். அவர் வேலையில் இருந்தார். அடுப்படியில் மெதுவாகத்தான் சொன்னேன். செலின் கதவைப் பார்த்தாள். அப்புறம் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரெஞ்சு ஒரு சொல்லும் வரவில்லை.

இதைப் பற்றி இனிமேல் எழுதாதீர்கள். பண்டிகை வாழ்த்து எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஆனந்தமேரி


துலோன்,
8 ஏப்ரல் 1962

அம்மா,

நீங்கள் எழுதிய மூன்று கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. "அவளைத் திருப்பி அனுப்பு, யாரோடாவது அனுப்பு" என்று மூன்றிலும் கேட்டிருந்தீர்கள். அப்போதே அனுப்பியிருக்கலாம். இப்போது முடியாது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு நாளாக வடகாற்று விடாமல் அடித்தது. கதவு தானாகத் திறந்து திறந்து சாத்தியது. நான் துணி உலர்த்தப் போய்த் திரும்புவதற்குள் செலினைக் காணோம். சட்டையோடு போயிருக்கிறாள், கோட்டுகூட இல்லை. அக்கம்பக்கத்தார் வந்தார்கள். போலீஸ் வந்தது. அவரோடு படைவீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் முழுக்க "செலின்! செலின்!" என்று அந்தப் பக்கமே அதிர்ந்தது. எத்தனை பெரிய குரல்கள் அம்மா, நாய்கள்கூடத் திரும்பிக் குலைத்தன.

பொழுது சாயும்போது எனக்கு வலை ஞாபகம் வந்தது. மீன்பிடித் துறைக்கு ஓடினேன். கரை நெடுக வலை குவித்திருந்தது. "அங்கே இரண்டு தடவை பார்த்தாயிற்று மாதாம்" என்றான் போலீஸ்காரன். அவர் லெப்தினாங்கோடு நின்றுகொண்டிருந்தார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன். எதற்கு அப்படி வைத்தேன் என்று தெரியவில்லை. கத்தினேன், "விடியற்காலத்தின் நட்சத்திரமே!" அவர் "வாய மூடு மேரி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். மறுபடியும் கத்தினேன். மறுபடியும். கையை வாயிலிருந்து எடுக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரு வலைக் குவியலுக்கு அடியிலிருந்து வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. தேடியவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

உதடு நீலமாக இருந்தது. இடது கை விரல் இரண்டு மரத்துப்போய் இன்னும் மடங்கவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை.

ஆனால் போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் வைத்துக் காக்க முடியாத பிள்ளை என்று டாக்டர் எழுதினார். மலைப்பக்கம் சகோதரிகள் நடத்தும் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்தது. அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன், அம்மா. வண்டி வந்தது. கம்பி வலை அடித்த வண்டிதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்கலாம். முதல் ஞாயிறு போனேன். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். எப்படித் தலையில் கை வைக்க விட்டாளோ. கிளம்பும்போது மேலே கூட்டிப் போய்விட்டார்கள். முற்றத்தில் நின்று கூப்பிட்டேன். மாடி ஜன்னலிலிருந்து பதில் வந்தது. ஒரு சகோதரி ஓடி வந்தாள், "இவள் குரலை இன்றுதான் கேட்கிறோம்" என்றாள். இன்னொருத்தி வந்து, மற்ற பிள்ளைகள் கலவரப்படுகிறார்கள், இனி வரும்போது இப்படிக் கூப்பிட வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னாள்.

அவர் சாப்பிடுவதில்லை. வீட்டில் இப்போது யாரும் பிரெஞ்சும் பேசுவதில்லை, தமிழும் பேசுவதில்லை.

ஆனந்தமேரி


புதுச்சேரி,
14 அக்டோபர் 1962

அன்புள்ள மகள் ஆனந்தமேரிக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குக் காரணம் கண். புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். வேறொருத்தர் கையால் உனக்கு எழுத எனக்கு மனமில்லை.

தெரேஸுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. விக்தோர் இப்போது என்னைவிட உயரம். பிரான்சுவா இந்த வருஷமும் கணக்கில் முதல் என்று கேட்டுச் சந்தோஷம். இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. துலோனில் அத்தனை ஆண்பிள்ளைகள் தேடியும் அகப்படாத பிள்ளை, தானே குரல் கொடுத்து வெளியே வந்தாள். பொத்தின வாயைத் தானே திறந்தாள். இதைக் கோயில் வாசலில் சொன்னேன். யார் முகம் சுருங்கியது என்று நான் பார்க்கவில்லை.

ஊரில் இப்போது பிரான்சுப் பிரஜையா இந்தியப் பிரஜையா என்று ஒரே பேச்சு. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். உன் அண்ணன் இந்தியா என்கிறான். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பிரான்சு என்று எழுதிக் கொடுத்தால் அந்த இல்லத்து வாசலில் என்னை நிற்க விடுவார்களா? கேட்டு எழுது. "இந்தக் காலோட கப்பல் படி ஏறுவியா?" என்று அண்ணன் சிரிக்கிறான். குப்பத்து ஆட்கள் கூடையோடு கூடையாக என்னையும் தூக்கிப் போடுவார்கள்.

அதுவரைக்கும் நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முற்றத்தில் கத்த வேண்டாம் என்றாளா சகோதரி? சரி, கத்தாதே. அந்த வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, "இவள் குரலை இன்றுதான் கேட்கிறோம்" என்று ஓடி வந்தாளே, அந்தச் சகோதரி கையில் கொடு. அவள் இல்லாவிட்டால் சமையல்காரியிடம், இல்லாவிட்டால் பெருக்குகிறவளிடம். யாராவது ஒருத்தி போதும். அர்த்தம் தெரிய வேண்டாம், விசுவாசமும் வேண்டாம். குஞ்சம்மாளுக்கு என்ன விசுவாசம் இருந்தது? பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தொடாமல், மெதுவாக ஒரு வரி சொல்லச் சொல். சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். ரொம்ப நேரம் நிறுத்த வேண்டியிருக்கும், பிள்ளை கையை வாயில் வைத்திருப்பாள். அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று சொல். சொல்கிறவள் தன் வாயில் தன் கையை வைத்துக்கொண்டு உட்காரட்டும். கொஞ்சம் கழித்துத் தன் கையை எடுக்கட்டும். அவளும் எடுப்பாள்.

வலைத் துண்டு புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். மீன் வாடை போக மூன்று தண்ணீரில் அலசினேன். முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் இருக்கட்டும். மடங்காத விரலுக்கும் அது நல்லது.

குஞ்சம்மாள் இன்னமும் நம் தெருமுனைக்கு வந்ததும் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறாள்.

"அவதான் இல்லியேடி" என்றேன்.

"தெரியும் ஆயா. வாய் பழகிப்போச்சி" என்றாள்.

கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிற நேரம் வரைக்கும் அங்கேயே நிற்கிறாள். அப்புறம்தான் நடக்கிறாள்.

செலினை ஒரு புதுப் போட்டோ எடுத்து அனுப்பு. முடி இல்லாமல் இருந்தாலும் சரி, கை வாயில் இருந்தாலும் சரி. கூடத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன், தெரேஸின் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே.

அம்மா